பழங்குடி இளைஞர்களோடு சமூக நாடகம்: அழைப்பு முதல் கைமாற்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழங்குடி ஊர் ஒன்றில் இளைஞர்களுக்கு நாடகம் சொல்லித்தரலாம் என்ற எண்ணம் வந்ததும் பலரும் முதலில் எழுதுவது ஒரு கால அட்டவணையைத்தான். பத்து நாள் பட்டறை, பத்தாவது நாள் மேடையேற்றம், ஆளுக்கொரு சான்றிதழ், கடைசியில் குழுப் படம். அந்தத் தாளை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். என்ன நாடகம், யாருடைய கதை, யார் முன்னால் போடுவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமே இருக்காது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. முடிவெடுக்கும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் முழுவதுமாக, ஊர் இளைஞர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் பசிபிக் கரையோர மக்களின் பாட்லாட்ச் விழாவை 1884ல் சட்டத் திருத்தம் போட்டுத் தடை செய்தார்கள். தடை விலகியது 1951ல். அமெரிக்காவில் 1883ல் வந்த விதிகள் பூர்வகுடிகளின் நடனங்களையும் சடங்குகளையும் குற்றமாக்கின. இந்தியாவில் 1871ன் குற்றப்பரம்பரைச் சட்டம், ஆடியும் பாடியும் வித்தை காட்டியும் பிழைத்த சமூகங்கள் சிலவற்றையும் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சமூகங்களில் கலைக்கு எப்போதும் குறைவிருந்ததில்லை. இருந்த கலையைத்தான் சட்டம் போட்டு அடக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய் 'உங்களுக்குக் கலை கற்றுத்தர வந்திருக்கிறோம்' என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளி ஆசிரியர்கள், நாடகக்காரர்கள், தொண்டு நிறுவனங்களில் இளைஞர்களோடு வேலை செய்பவர்கள், பழங்குடிச் சமூகத்துக்குள்ளிருந்தே ஒரு குழுவைத் தொடங்க நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடைசியாகச் சொன்னவர்களுக்கு முதல் படியில் பாதி தேவைப்படாது. மற்றவர்களுக்கு அதுதான் இருப்பதிலேயே நீளமான படி.

படி 1: யார் கூப்பிட்டார்கள்?

நீங்களாகப் போகிறீர்களா, ஊர் கூப்பிட்டுப் போகிறீர்களா? நீங்களாகப் போவதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போனால் அந்த முதல் பயணத்தில் பட்டறை கிடையாது, பேச்சு மட்டும்தான். பெரியவர்கள், ஊர்ச்சபை, பெண்கள் குழு, ஏற்கெனவே ஆடிப் பாடிக்கொண்டிருக்கும் கலைஞர்கள், பள்ளியில் வேலை செய்யும் அந்தச் சமூகத்து ஆட்கள் என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். இளைஞர்களிடமும் தனியாகப் பேசுங்கள். பெரியவர்கள் முன்னால் அவர்கள் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. அதன் 11வது பிரிவு, முன்கூட்டியே தகவல் தந்து சுதந்திரமாகப் பெறும் ஒப்புதல் பற்றிப் பேசுகிறது. பண்பாட்டு உடைமைகள் அந்த ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்டிருந்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது. 13வது பிரிவு மொழியையும் வாய்மொழி மரபையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் உரிமையைச் சொல்கிறது. 31வது பிரிவில் நிகழ்த்துகலைகள் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. அவற்றைக் காக்கவும் கட்டுப்படுத்தவும் வளர்க்கவும் அந்த மக்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? வேண்டாம் என்று சொல்லும் வழி ஊருக்குக் கடைசி வரை திறந்தே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். நிதி கொடுப்பவர்களிடம் இதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் சாக்குப்போக்கு மாதிரி தெரியும்.

இந்தப் பேச்சுகளில் நான்கு விஷயங்களுக்குப் பதில் தெரிய வேண்டும். ஊருக்கு இதில் என்ன வேண்டும்? எதைத் தொடவே கூடாது? ஆண்டில் எந்த மாதங்களில் யாருக்கும் நேரம் இருக்காது? இதற்கு முன்னால் வந்தவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள், என்ன செய்தார்கள்? நான்காவது கேள்வியைக் கேட்க நிறையப் பேர் தயங்குகிறார்கள். கேளுங்கள். ஆய்வு என்று வந்து பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனவர்கள், படம் எடுத்துப் போய்த் திரும்பி வராதவர்கள் என்று ஒரு பட்டியலே கிடைக்கலாம். அந்தக் கோபம் உங்கள் மேல் வருவது நியாயம்தான்.

படி 2: ஆட்களும் இடமும் நேரமும்

தனியாகப் பட்டறை நடத்தாதீர்கள். சமூகத்துக்குள்ளிருந்து ஒருவர் உங்களுக்குச் சமமான சம்பளத்தில், சமமான அதிகாரத்தில் இணை நெறியாளராக இருக்க வேண்டும். 'உதவியாளர்', 'மொழிபெயர்ப்பாளர்' என்ற பெயர்களில் அந்த ஆளைச் சின்னதாக்கிவிட வேண்டாம். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பாட்டோ கதையோ ஆட்டமோ சொல்லித்தரும் பெரியவர்களுக்கு ஆசிரியர் ஊதியம் கொடுங்கள். பட்ஜெட்டில் அது 'விருந்தினர் செலவு' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கக் கூடாது. பல்கலைக்கழகப் பேராசிரியர் வந்தால் கொடுப்பதைத் தயங்காமல் எழுதும் கை, எழுபது வயதுப் பாட்டுக்காரர் பெயருக்கு எதிரே சால்வை என்று எழுதுகிறது. இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

குழுவில் 12 முதல் 18 பேர் வரை இருந்தால் வேலை ஓடும். வயது இடைவெளி ரொம்பப் பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். 13 வயதுப் பிள்ளையும் 22 வயது இளைஞரும் ஒரே பயிற்சியில் சுதந்திரமாக இருக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் நேரம், வீடு திரும்பும் வழி, கழிப்பறை, கூட வரும் ஆள் எல்லாவற்றையும் அவர்கள் வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருப்பவர்கள் அந்தச் சின்னப் பிள்ளைகளோடு வரட்டும். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் மாயா பெண்கள் இருவர் 1994ல் தொடங்கிய ஃபோம்மா என்ற அமைப்பு, நாடகத்தோடு எழுத்தறிவு வகுப்பையும் தொழிற்பயிற்சியையும் குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்தே நடத்தியது. நாடகத்துக்கு ஒரு பெண் வர வேண்டுமானால் அவளுடைய நாளில் இடம் உண்டாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாதுகாப்பு விதிகளை எழுதி, எல்லோருக்கும் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு எந்த நேரமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். தொட்டுச் செய்யும் பயிற்சி எதுவானாலும் முன்கூட்டியே கேட்டுச் செய்ய வேண்டும். புகார் இருந்தால் யாரிடம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது.

அப்புறம் நாட்காட்டி. அறுவடை, விழா, பரீட்சை, வேலைக்காக ஊரை விட்டுப் போகும் பருவம் எல்லாம் பார்த்துத் திட்டமிடுங்கள். ஊரில் சாவு விழுந்தால் ஒத்திகை நிற்கும். எத்தனை நாள் என்பதை ஊர்தான் சொல்லும். இதற்காகவே மொத்தக் காலத்தில் கால் பங்கைக் காலியாக விட்டுவைப்பது என் வழக்கம்.

படி 3: முதல் வாரங்களில் கதை கேட்காதீர்கள்

முதல் நாளே வட்டமாக உட்கார வைத்து 'உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு கஷ்டத்தைச் சொல்லுங்கள்' என்று தொடங்கும் பட்டறைகள் இருக்கின்றன. எனக்கு அது பிடிக்காது. முகம் தெரியாத ஆளிடம் யாரும் தன் வலியைக் கடன்பட்டிருக்கவில்லை. முதல் சில வாரங்கள் விளையாட்டு, மூச்சு, குரல், தாளம், நடை என்று உடம்போடு மட்டும் இருங்கள்.

பழக்கமான நாடகப் பயிற்சிகள் எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருவரை ஒருவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்து நிற்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை நேராகப் பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சங்கடம். கேள்வி கேட்டதும் பதில் வராவிட்டால் உடனே அடுத்தவரிடம் தாவாதீர்கள். யோசித்துப் பேசும் வழக்கமுள்ள இடத்தில் அந்த அமைதி பதிலின் முதல் பாதி. ஒருவர் மட்டும் நடுவில் வந்து செய்து காட்டும் பயிற்சிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, இருவராக, நால்வராகச் செய்வதில் தொடங்குங்கள்.

ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், எந்த ஊருக்கும் இது பொருந்தும். தரையில் ஊரை வரைவது. சுண்ணக்கட்டி இருந்தால் அது, இல்லாவிட்டால் குச்சி, கல், இலை. ஆறு எங்கே, வீடுகள் எங்கே, பள்ளி எங்கே, சாலை எங்கே என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும். அந்தச் சண்டையில்தான் குழு உருவாகிறது. நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். வரைந்து முடித்ததும் ஒவ்வொருவரும் தனக்கு ரொம்பப் பிடித்த இடத்தில் போய் நிற்கட்டும். அங்கே கேட்கும் சத்தத்தை வாயால் செய்யட்டும். அடுத்து, பயமாக இருக்கும் இடம். அடுத்து, முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன இடம். இந்த மூன்றாவதில் கூட்டம் ஒரே புள்ளிக்கு நகர்ந்தால் கவனித்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட தோப்பாக இருக்கலாம், வேலி போட்ட மேய்ச்சல் நிலமாக இருக்கலாம், மூடிய கிணறாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் நாடகத்தின் களம், ஒலி, முரண் மூன்றும் உங்கள் முன்னால் வந்துவிடும். இவ்வளவுக்கும் யாரையும் எதையும் 'சொல்லச்' சொல்லவில்லை.

படி 4: எந்த மொழியில்?

இதை நெறியாளர் முடிவு செய்யக் கூடாது. பல ஊர்களில் பாட்டிக்குத் தாய்மொழி சரளம், அம்மாவுக்குப் புரியும், பிள்ளைக்குச் சில சொற்கள்தான் தெரியும் என்ற நிலை இருக்கிறது. 'உங்கள் சொந்த மொழியில் பேசுங்கள்' என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அந்த மொழி வாயில் வராத பிள்ளைக்கு அது தேர்வில் தோற்ற உணர்வைத் தரும்.

சரி, என்ன செய்யலாம்? மொழி தெரியாத பாத்திரத்தையே நாடகத்துக்குள் வைக்கலாம். பாட்டி பேச்சு முழுக்கத் தாய்மொழியில், பேரன் பேச்சு கலப்பில். பாட்டும் கட்டியக்காரன் பேச்சும் தாய்மொழியில். ஒத்திகைக்கு ஒரு பெரியவர் வந்து உச்சரிப்பைத் திருத்தட்டும். பேரப்பிள்ளைக்கும் பாட்டிக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கிறதே, அந்தத் திருத்தும் நேரம் மேடையேற்றத்தை விடப் பெரியது என்று நினைக்கிறேன். நியூசிலாந்தின் டாக்கி ருவா நாடகக் குழு மாவோரி மொழியிலேயே நாடகம் தயாரித்துப் பள்ளிகளுக்கு எடுத்துப் போகிறது. நார்வேயின் கௌடோகெய்னோவில் 1981ல் தொடங்கிய பெய்வாஷ், வட ஐரோப்பியப் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழியில் இயங்கும் அரங்கு. 2024ல் திறந்த அதன் புதிய கட்டடத்தில் சாமி மேல்நிலைப் பள்ளியும் கலைமான் மேய்ப்புப் பள்ளியும் அதே கூரையின் கீழ் இருக்கின்றன. மேடையும் வகுப்பறையும் வாழ்க்கைத் தொழிலும் பக்கத்துப் பக்கத்து அறைகளில்.

படி 5: கதைகளும் அவற்றின் எல்லைகளும்

இப்போது கதைகளுக்கு வரலாம். இளைஞர்களே போய்ப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். நீங்கள் கூடப் போகாமலிருப்பது நல்லது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு கதையையும் பற்றி இதைக் கேளுங்கள்: இதை எல்லோர் முன்னாலும் சொல்லலாமா, ஊருக்குள் மட்டும்தானா, இந்தக் குடும்பமோ குலமோ மட்டும் சொல்ல வேண்டியதா, சொல்லவே கூடாததா? பதில் பெரியவர்களிடமிருந்து வர வேண்டும். குழுவில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தக் கதை நாடகத்தில் வராது. காரணம் சொல்லும்படி யாரையும் நெருக்காதீர்கள்.

எல்லைகள் பல விதம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரிடம் சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லும் மரபு உண்டு. கோடை விழாவுக்கு அந்தக் கதை கிடைக்காது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடம் இறந்தவர் பெயரையும் உருவத்தையும் குறிப்பிட்ட காலம் தவிர்க்கும் வழக்கம் உண்டு, அதனால்தான் அங்கே நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் முன்னறிவிப்பு வருகிறது. அந்நாட்டின் கலை மன்றம் பூர்வகுடிப் பண்பாட்டு, அறிவுச் சொத்தைக் கலைகளில் பயன்படுத்துவதற்கென்றே 2019ல் நெறிமுறைக் கையேட்டைப் புதுப்பித்து வெளியிட்டது. மரியாதை, தன்னுரிமை, கலந்தாலோசனையும் ஒப்புதலும், ரகசியம் காத்தல், பெயர் குறிப்பிடல், பலனைப் பகிர்தல் என்று பத்துக் கோட்பாடுகள் அதில் இருக்கின்றன. வேறு நாட்டில் வேலை செய்தாலும் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் திட்டத்தைச் சரிபார்க்கலாம்.

ஒலிப்பதிவு செய்தால் அதை யார் வைத்திருப்பது, யார் கேட்கலாம், எப்போது அழிப்பது என்று பதிவுக்கு முன்பே பேசுங்கள். மூலப் பிரதி ஊரில் இருக்கட்டும். உங்கள் கையில் பிரதி இருக்க வேண்டுமா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று. பழங்குடி இளைஞர் என்றதும் பழங்கதை மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் ராப் எழுத விரும்பலாம், பேய்க்கதை போட விரும்பலாம், காதல் நாடகம் வேண்டும் என்று அடம்பிடிக்கலாம். நகைச்சுவை நிச்சயம் வரும். வெளியிலிருந்து வரும் நிதியும் பார்வையாளர்களும் சோகத்தையோ 'தொன்மையையோ'தான் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பதும் உங்கள் வேலை.

படி 6: சிலையிலிருந்து காட்சிக்கு

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போல் 1973ல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். வந்தவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி கிடையாது. பேச்சுக்குப் பதில் உடம்பால் படிமம் அமைத்துப் பேசும் முறைகள் அவருடைய வேலையில் முக்கிய இடம் பெற்றதற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம். பல மொழி, தயக்கம், கூச்சம் எல்லாம் கலந்த குழுவுக்கு இன்றும் இது பொருத்தமான கருவி.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். விடுதிப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் முதல் நாள் என்பது குழு எடுத்த பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகின் பல மூலைகளில் பழங்குடிக் குடும்பங்களுக்கு இது தெரிந்த நாள். ஐந்து பேர் வந்து பேசாமல் சிலையாக நிற்கிறார்கள். பிள்ளை மூட்டையை நெஞ்சோடு பிடித்திருக்கிறது. அம்மாவின் கை பாதி தூக்கியபடி நிற்கிறது. பாட்டி முதுகைக் காட்டி நிற்கிறாள். மேசைக்குப் பின்னால் ஒருவர் பதிவேட்டைப் பார்க்கிறார், பிள்ளையைப் பார்க்கவில்லை. ஐந்தாவது ஆள், ஏற்கெனவே அங்கே படிக்கும் அண்ணன், தரையைப் பார்க்கிறான்.

'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்காதீர்கள். சுற்றி நிற்பவர்களிடம் 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்று பதில்கள் வரட்டும். அடுத்து, இது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு சிலை. அதில் பாட்டி திரும்பி நிற்பாள், மேசை காணாமல் போயிருக்கும், பதிவேட்டைப் பிள்ளையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, முதல் சிலையிலிருந்து இரண்டாவதற்குப் போக வேண்டும். நீங்கள் கை தட்டும்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு அசைவு. இங்கேதான் விஷயம் வெளியே வரும். மேசைக்காரர் நகரவே மாட்டார். அவராக நகர அவருக்குக் காரணம் இல்லை. நாலைந்து முறை செய்து பார்த்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் போய்ப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வாசிக்கத் தொடங்குவான். அதில் அவன் பெயரே தப்பாக எழுதியிருக்கிறது என்பான். அந்த நொடியில் நாடகம் கிடைத்துவிட்டது: விடுதி, பெயர், பதிவேடு, அண்ணனின் மௌனம்.

பிறகு ஒவ்வொரு சிலையும் மனதுக்குள் நினைக்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும். அடுத்த சுற்றில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாக்கியம். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் வசனம். பாத்திரத்துக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளோடு காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துப் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வரட்டும். எழுதுபவர் இளைஞராக இருக்க வேண்டும். பிரதியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் 'மெருகேற்றி'க் கொண்டு வந்தால் அடுத்த நாள் அவர்கள் உங்கள் வசனத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படி 7: வலி வரும்போது

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வலி வரும். வன்முறை, காவல் நிலையம், குடி, தற்கொலை, நிலம் பறிபோனது. தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் சில விதிகள் வேண்டும். தன் கதையைத் தானே நடிக்கக் கூடாது. வேறொருவர் நடிப்பார், பெயரும் விவரமும் மாறும். சொன்னவர் எப்போது வேண்டுமானாலும் கதையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மேடையேற்றத்துக்கு முந்தின நாள் இரவு உட்பட. பேசுவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு மனநல ஆலோசகரோ, ஊரில் எல்லோரும் நம்பும் பெரியவரோ கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஒத்திகை எப்போதும் பாட்டிலோ விளையாட்டிலோ முடிய வேண்டும். கனமான காட்சியோடு பிள்ளைகளை இருட்டில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வலியை நாடகமாக்குவதில் அகமதாபாத்தின் சாராநகரில் இருக்கும் புதன் தியேட்டரிடம் கற்க நிறைய இருக்கிறது. சாரா சமூகம் குற்றப்பரம்பரைப் பட்டியலில் இருந்த சமூகம். 1952ல் பட்டியல் நீங்கியும் போலீஸ் பார்வை மாறவில்லை. 1998ல் எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியும் மொழி ஆய்வாளர் கணேஷ் தேவியும் அங்கே போனதை ஒட்டி முதலில் உருவானது ஒரு நூலகம். அதே ஆண்டு மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் என்பவர் காவலில் இறந்தார். நூலகத்தில் கூடிய சாரா இளைஞர்கள் அந்த மரணத்தை நாடகமாகப் போட்டார்கள். அவர் அவர்கள் ஊர்க்காரர் இல்லை, அவர்கள் சமூகமும் இல்லை. இன்னொருவர் கதை வழியாகத் தங்கள் கதையைச் சொன்னார்கள், அந்த இடைவெளி அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. குழு இன்றுவரை அந்தப் பெயரில்தான் இயங்குகிறது. முதலில் நூலகம், பிறகு நாடகம் என்ற வரிசையையும் கவனியுங்கள்.

படி 8: கலையைக் கலையாகவே கற்றுக்கொடுங்கள்

'சமூக நாடகம்தானே, பிள்ளைகள் பங்கெடுத்தாலே போதும்' என்ற மனப்பான்மை ஒருவகை அவமதிப்பு. குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். ஒளி முகத்தில் விழ வேண்டும். தாளம் தப்பினால் திரும்பச் செய்ய வேண்டும். நடிப்பில் ஆர்வமில்லாதவர்களுக்கு ஒளி, ஒலி, அரங்கப் பொருட்கள், ஒப்பனை, மேடை நிர்வாகம், கணக்கு, சுவரொட்டி என்று எத்தனையோ வேலைகள் உண்டு. பேசவே கூச்சப்படும் பிள்ளை ஒளிப்பலகையில் உட்கார்ந்ததும் மொத்தக் குழுவையும் இயக்குவதைப் பார்க்கலாம். சடங்கு உடையை மேடை உடையாக எடுக்காதீர்கள். ஊர் சம்மதம் சொன்னாலொழிய அதைப் போல ஒன்றைத் தைப்பதும் வேண்டாம்.

மேலே போகும் பாதையையும் காட்டுங்கள். டொராண்டோவில் 1974ல் பூர்வகுடி நாடகப் பள்ளியாகத் தொடங்கியது இன்று பூர்வகுடி அரங்க மையமாக நடிகர்களைப் பயிற்றுவிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நைஸ்டா நடனக் கல்லூரியில் பூர்வகுடிச் சமூகங்களிலிருந்து பண்பாட்டு ஆசிரியர்கள் வந்து கற்பிக்கிறார்கள், மாணவர்களும் அந்தச் சமூகங்களுக்குப் போய்த் தங்கிக் கற்கிறார்கள். 1989ல் உருவான பங்காரா நடனக் குழு அந்த மண்ணிலிருந்து முளைத்ததுதான். நியூசிலாந்துப் பள்ளிகளில் மாவோரி நிகழ்த்துகலை மதிப்பெண் உள்ள பாடம். உங்கள் பகுதியில் அப்படி எதுவும் இல்லையா? நாடகத் துறை உள்ள கல்லூரி, உதவித்தொகை, விண்ணப்பத் தேதி, தங்குமிடம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதி ஒட்டுங்கள். முதல் விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து நிரப்புங்கள்.

படி 9: அரங்கேற்றம்

முதல் காட்சி ஊரில், ஊருக்காக. அதற்கும் முன்னால் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு முழு ஒத்திகை. அவர்கள் ஒரு காட்சியை நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால், உதாரணமாக வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைக் காட்டலாமா என்பதில், நீங்கள் நீதிபதி ஆகாதீர்கள். அவர்களே உட்கார்ந்து பேசட்டும், நேரம் எடுக்கும். ஒரு பிள்ளையின் பாதுகாப்பு ஆபத்தில் இருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. அப்போது பாதுகாப்புதான் முதலில்.

பார்வையாளரையும் உள்ளே இழுக்க வேண்டுமானால் அகுஸ்தோ போலின் விவாத அரங்கு முறை உண்டு. பிரச்சினை தீராமல் முடியும் ஒரு குறுநாடகத்தைப் போடுவார்கள். இரண்டாவது முறை போடும்போது பார்ப்பவர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் தானே வந்து வேறு வழியை முயன்று பார்க்கலாம். ஒடுக்குபவரை மாற்ற அனுமதிக்காதீர்கள். அதிகாரி திடீரென்று நல்லவராகிவிட்டால் யாருக்கும் எதுவும் விளங்காது. கூட்டத்தை நடத்துபவர் தீர்ப்புச் சொல்லாமல் 'இது நடக்குமா? நடந்தால் அடுத்து என்ன?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாடகத்தில் வரும் காவலரோ ஒப்பந்தக்காரரோ நிஜத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். தேவைப்பட்டால் இடத்தையும் பாத்திரத்தையும் மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு வேறு நாடகம் போடுங்கள்.

உடல்நலம் போன்ற விஷயங்களுக்கும் இது உதவும். மெல்போர்னில் 1990ல் தொடங்கிய இல்பிஜெர்ரி நாடகக் குழு ஹெபடைட்டிஸ் சி பற்றிய நாடகங்களைப் பூர்வகுடி ஊர்களுக்கும் சிறைகளுக்கும் எடுத்துப் போனது. பிரசங்கம் செய்யாமல் கதையாகச் சொன்னால் கேட்க ஆள் வரும்.

வெளியூர்க் காட்சிகளுக்குப் போகும்போது கைப்பேசிக் காணொளிதான் பெரிய தலைவலி. யார் படம் எடுக்கலாம், எந்தக் காட்சியை எடுக்கக் கூடாது, எங்கே போடலாம் என்பதைக் குழு முடிவு செய்து தொடக்கத்திலேயே அறிவிக்கட்டும். நன்கொடையாளர் அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் அதற்கும் தனி ஒப்புதல்.

படி 10: கைமாற்றம்

நாடகத்தின் உரிமை யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரதி குழுவுக்கு, மரபுக் கதை, பாட்டு, ஆட்டம் சமூகத்துக்கு. வேறு யாராவது போட விரும்பினால் யாரிடம் கேட்பது, பணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாச் சுவரொட்டியிலும் கதை சொன்ன பெரியவர்கள் பெயர் வர வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றாலொழிய.

முதல் ஆண்டு நீங்களும் இணை நெறியாளரும் நடத்துங்கள். இரண்டாம் ஆண்டு குழுவில் மூத்த இரண்டு மூன்று பேர் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். அவர்கள் பயிற்சியாளர்கள், அவர்களுக்கும் சம்பளம் உண்டு. மூன்றாம் ஆண்டு நிதி விண்ணப்பத்தை அவர்கள் பெயரில் அனுப்புங்கள். ஒரே நிதியை நம்பி இருக்க வேண்டாம். சின்னச் சின்ன வரவுகள் நாலைந்து இருந்தால் ஒன்று நின்றாலும் குழு நிற்காது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள், கொடுங்கள். அதோடு வேறு சிலவற்றையும் குறித்து வாருங்கள்: ஒத்திகைக்குப் பெரியவர்கள் தாங்களாக வந்து உட்காருகிறார்களா, நீங்கள் இல்லாத வாரம் ஒத்திகை நடந்ததா, புதிதாக யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள், ஏன். விலகியவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் சொல்வதில் மற்றவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டது இருக்கும்.

கடைசியாக ஒப்படைக்க வேண்டியவை: ஒத்திகை இடத்தின் சாவி, ஒளி ஒலிக் கருவிகளின் ரசீதுகள், எல்லாப் பிரதிகளும் பதிவுகளும், கல்லூரி மற்றும் நிதி அமைப்புத் தொடர்பு எண்கள், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கும் படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த நாடகம் என்ன என்று அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். காட்சிக்குக் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள்.